ஒரே சீட்டில் போன பாதை

வைத்தியர் பக்கம்



சென்ற இதழில் நீரிழிவுக்காரர் தம் பாதங்களைப் பேணும் முறை பற்றி எழுதியிருந்தேன். இம்முறை அதன் தொடர்ச்சியை எழுதவே எண்ணியிருந்தேன். ஆனால் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் இடத்தில் என்னிடம் பலரும் கேட்பது பாதத்தைப் பற்றியல்ல, பாதையைப் பற்றி. "டொக்டர், தாயாரைக் கப்பலிலே ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனீங்களாம். எந்த ஏஜென்சியாலை சீட்டு எடுத்தனீங்கள்?" என்கிறார்கள். ஏஜென்சி எதுவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் இருந்து நானே ஒவ்வொன்றாக எடுத்த சீட்டுகள்தாம். எடுத்ததில் ஒரு பிழையும் விட்டேன். அதையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

என் தாயார் 1954 மார்கழியில், 12 வயதுச் சிறுமியாக, தம் தகப்பனாரோடு சிதம்பரத்துக்குத் திருவாதிரை பார்க்கப் போனவர். யாழ்ப்பாணத்தில் கோச்சி ஏறி, மதவாச்சியில் இறங்கி, தலைமன்னார் வண்டிக்கு மாறி, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடிக்குப் போய், மறுபடியும் கோச்சி. அதற்குப் பின் அவர் எத்தனையோ தடவை விமானத்தில் ஏறிவிட்டார். ஆனாலும் 83 வயதில் ஒரு நாள், "தம்பி, சாகிறதுக்கு முன்னம் கடலாலை ஒருக்கா ஊருக்குப் போக வேணும்" என்றார். வைத்தியன் என்ற முறையில் எனக்குப் பல ஆட்சேபங்கள் இருந்தன. மகன் என்ற முறையில் ஒன்றுமில்லை. 2025 பங்குனியில் புறப்பட்டோம்.

அந்தப் பழைய பாதையின் கதை இளையவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் போயிற்று. 1914 பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடித் துறை வரை புகைவண்டி, அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடல், பின் தலைமன்னார்த் துறையிலிருந்து கொழும்புக் கோட்டை வரை மீண்டும் புகைவண்டி என்று ஒழுங்காயிற்று. இதுவே 'போட் மெயில்' எனப்பட்டது. எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்பு வரை செல்லுபடியாகும். வண்டி பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். கப்பல் பிந்தினால் அக்கரையில் வண்டி காத்து நிற்கும். பயணி எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் அது அப்படிச் சுகமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனை முடிந்த பின்னரே கப்பலேற விடப்பட்டனர். பின்னாளில் அதே மண்டபத்தில்தான் நம்மவருக்கு அகதி முகாமும் அமைந்தது.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் போயிற்று. அதன்பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடிற்று. யுத்தம் மூண்ட 1980களில் அதுவும் நின்றது. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய சேவை சில மாதங்களே நீடித்தது.

இங்கே பாரிசிலும் இதே கதை உண்டு. நாம் லா சப்பலுக்கு வர இறங்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து 1936 முதல் 1980 வரை இலண்டனுக்கு ஓர் இரவு வண்டி போயிற்று. டன்கேர்க்கில் படுக்கைப் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக்கொண்டு டோவரில் இறக்குவார்கள். பயணி உறங்கியபடியே கடலைக் கடந்துவிடுவார். அதுவும் ஒரே சீட்டுத்தான்.

அந்தக் காலம் போய்விட்டது. எங்கள் பயணத்துக்கு வேண்டியிருந்தவை ஐந்து சீட்டுகள்: பாரிசிலிருந்து சென்னைக்குப் போய்க் கொழும்பிலிருந்து திரும்பும் விமானச் சீட்டு ஒன்று, சென்னையிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து நாகபட்டினம், காங்கேசன்துறையிலிருந்து கொழும்பு என்று புகையிரதச் சீட்டுகள் மூன்று, நடுவில் கப்பற் சீட்டு ஒன்று. இவற்றில் ஒன்றுக்கு மற்றதைப் பற்றிக் கவலை கிடையாது. வண்டி பிந்தியதால் கப்பலைத் தவறவிட்டீர்களானால் எவரும் பொறுப்பில்லை. முன்பு புகையிரதத் திணைக்களம் சுமந்த பொறுப்பை இப்போது நாமே சுமக்கிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே நான் எழுதுவது எல்லாம் தானாகவே விளங்கும்.

முதலாவது, எந்தச் சீட்டை முதலில் எடுப்பது? பெரும்பாலோர் விமானச் சீட்டில் தொடங்குகிறார்கள். விலை கூடியது அதுதானே என்பது நியாயம். ஆனால் விமானம் நாள்தோறும் உண்டு. கப்பலோ அப்படியல்ல. நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபர் 14இல் தொடங்கி, ஒரு வாரத்திற்குள் பருவமழை காரணமாக நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. அவ்வருடம் நொவம்பரில் வடகீழ்ப் பருவக்காற்றுக்காக நின்று, 2025 பெப்ரவரி 22இல் மறுபடி ஓடியது. 150 பேரளவில் ஏற்றும் சிறிய கப்பல். ஏறத்தாழ 110 கிலோமீற்றர், நாலு மணி நேரம். வாரத்தில் எல்லா நாட்களிலும் ஓடுவதில்லை. ஆகவே ஐந்தில் மிகப் பலவீனமான கண்ணி இதுதான். முதலில் கப்பல் ஓடும் நாளைப் பாருங்கள். அதை நடுவில் நட்டுவிட்டு, முன்னும் பின்னும் மற்றவற்றைக் கட்டுங்கள். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை இந்த வழியை நினைக்கவே வேண்டாம். மாசி, பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாக இருக்கும். பள்ளி விடுமுறையில் போவோர் ஆடி, ஆவணியில் காற்றை எதிர்பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கப்பலுக்கு முன் ஓர் இரவும், பின் ஓர் இரவும் வெறுமையாக விடுங்கள். எழும்பூரிலிருந்து இரவில் புறப்பட்டு விடியற்காலையில் நாகபட்டினம் சேரும் வண்டி உண்டு. கப்பலும் காலையில்தான். இரண்டையும் ஒரே நாளில் இணைத்துவிடலாமே என்று கைகுறுகுறுக்கும். செய்யாதீர்கள். ஒரு நாளை நாகையில் செலவழியுங்கள். காயாரோகணரும் நீலாயதாட்சியும் ஊரிலேயே இருக்கிறார்கள். சிக்கல் சிங்காரவேலர் அருகில். திருவாரூர்த் தியாகராசர் தொலைவில் இல்லை. அந்த நாள் வீணாகாது.

மூன்றாவது, விமானச் சீட்டு. பாரிஸ் – கொழும்பு போகவர ஒரு சீட்டும், இடையில் சென்னைக்குத் தனியாக ஒன்றும் எடுப்பவர்கள் உண்டு. 'பல நகரங்கள்' என்ற பிரிவில், போவது சென்னைக்கும் திரும்புவது கொழும்பிலிருந்தும் என்று ஒரே சீட்டாக எடுங்கள். போகவரச் சீட்டில் முற்பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டால், திரும்பும் பகுதியையும் விமானக் கம்பனிகள் பெரும்பாலும் இரத்துச் செய்துவிடும்.

நான்காவது, புகையிரத ஆசனங்கள். இந்தியாவில் 2024 நொவம்பர் 1 முதல் பொதுவான முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையோருக்குச் சில வண்டிகளில் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஒரு வருடம் முன்பே பதியலாம். இணையத்தில் முதலில் உங்கள் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். பிரெஞ்சுத் தொலைபேசி இலக்கத்தோடும் அது முடியும். ஆனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். 'காத்திருப்புப் பட்டியல்' என்று வந்தால் அது சீட்டன்று, நம்பிக்கை மாத்திரமே. முதியவரோடு நம்பிக்கையில் போகக்கூடாது. இலங்கையில் 30 நாள் முன்பாக ஆசனம் ஒதுக்கலாம். கடவுச்சீட்டு இலக்கம் வேண்டும். கிடைக்காவிட்டால் அன்றே நிலையத்தில் ஒதுக்கீடில்லாத சீட்டு வாங்கலாம். இளைஞருக்குச் சரி. முழங்கால் வலிக்காரர்கள் நெடுந்தூரம் நிற்க நேரிடும்.

ஐந்தாவது, பெயரும் பத்திரமும். நம்மவர் பெயர்கள் பிரெஞ்சுப் பத்திரங்களில் படும் பாடு நாம் அறிந்ததே. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகும், கணவன் பெயர் கீழ்வரியில் நிற்கும். விசா, கப்பல், விமானம் மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும். இந்திய மின்விசாவில் வருவோர், அதைக்கொண்டு உள்நுழையக்கூடிய விமான நிலையங்கள், துறைமுகங்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியேறுவது அங்கீகரிக்கப்பட்ட எந்தக் குடிவரவு நிலையத்தாலும் முடியும். அதனால்தான் சென்னையில் இறங்கி நாகையால் வெளியேறும் திசையை நான் தெரிந்தேன். எதிர்த்திசையில் போக நினைப்பவர் முதலில் அந்தப் பட்டியலைப் படிக்கவும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. அகதி அந்தஸ்தோடு பிரெஞ்சுப் பயணப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு அது தாய்நாட்டுக்குச் செல்லுபடியாகாது. வேறு வழியால் போய்வந்தால் பாதுகாப்பையே இழக்க நேரலாம். கடல் வழியானாலும் சட்டம் ஒன்றுதான். ஆசையில் அவசரப்படாமல் முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இனி நான் விட்ட பிழை. சென்னையிலிருந்து பகல் வண்டியில் சிதம்பரம் போய், ஆனந்தக் கூத்தனைத் தரிசித்து, 15ஆந் திகதி இரவு சாப்பிட்டுவிட்டு நாகைக்கு வண்டியேறுவது என்று திட்டம். வண்டி சிதம்பரத்துக்கு வருவது நடுநிசி தாண்டி ஒரு மணிக்குப் பின். நான் 15 என்றே பதிந்திருந்தேன். நள்ளிரவில் தாயாரை நிலையத்து வாங்கில் இருத்தி, வண்டி வந்ததும் ஓடிப்போய்ச் சீட்டைக் காட்டினேன். பரிசோதகர் ஒரு நிமிடம் பார்த்தார். "சார், இது நேத்து வண்டி டிக்கெட் சார். பன்னெண்டு மணி தாண்டினா தேதி மாறிடும்ல" என்றார். கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொன்னார். முப்பது வருடமாக நோயாளருக்கு மருந்து வேளை எழுதிக் கொடுக்கும் எனக்கு நாள் எப்போது மாறுகிறதென்று தெரியவில்லை!

வண்டி போய்விட்டது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. "விடியட்டும் தம்பி" என்றார், அவ்வளவுதான். விடிந்ததும் ஒரு வாடகைக் கார் பிடித்தோம். சீர்காழி தாண்டியதும் வைத்தீசுவரன் கோயில். தீராத நோய் தீர்க்கும் வைத்தியநாதரை, பிழைவிட்ட ஒரு வைத்தியன் கும்பிட்டான். தாயார் என் காதுக்கு அருகில் வந்து, "வண்டி விட்டது நல்லதுக்குத்தான்" என்றார். காரைக்கால், நாகூர் வழியாக மதியத்துக்கு நாகை சேர்ந்தோம். கப்பல் மறுநாள், 17ஆந் திகதி. நான் வெறுமையாக விட்டிருந்த அந்த ஒரு நாள் மாத்திரம் இல்லாதிருந்தால், மூன்று சீட்டுகள் வரிசையாக விழுந்திருக்கும். 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஏறும் வண்டியென்றால், சீட்டை இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது.

வைத்தியர் பக்கம் என்பதால் மருந்தும் சொல்ல வேண்டும். கடல் ஒவ்வாமைக்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடைக்கும். வாந்தி வந்தபின் அல்ல, கப்பல் புறப்பட அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக எடுக்க வேண்டும். ஆனால் கண் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறுநீர் தடைப்படும் ஆண்களும் கேட்காமல் எடுக்கக்கூடாது. முதியவர்களுக்கு மயக்கமும் தடுமாற்றமும் வரலாம். என் தாயாருக்கு நான் கொடுக்கவில்லை. இரண்டு இட்டலியோடு நிறுத்தி, கப்பலின் நடுப்பகுதியில் ஆசனம் பார்த்து இருத்தி, தூரத்து அடிவானத்தைப் பார்க்கச் சொன்னேன். அது போதுமாயிருந்தது. நாளாந்த மருந்துகளும் இன்சுலினும் கைப்பையிலேயே இருக்கட்டும். கப்பலில் பொதி நிறைக்கு எல்லை உண்டு, விமானத்தில் கொண்டுவந்த பெட்டி எல்லாம் இலவசமாக ஏறாது. மருந்துச் சீட்டில் கம்பனிப் பெயரல்லாமல் மருந்தின் பொதுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கத்தைய கம்பனிப் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்றுதான். ஆகவே மருந்து வேளையை ஒரு தடவை மாற்றினால் போதும்.

கப்பல் காங்கேசன்துறையை நெருங்கியபோது வெளிச்சவீடு தெரிந்தது. மாவிட்டபுரம் கோயிலின் தலபுராணம் உங்களுக்குத் தெரியும். குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் தீர்த்தமாடிக் குணமடைந்தாள். அவள் எடுப்பித்த கோயிலுக்குக் காங்கேயன் விக்கிரகம் கடல் கடந்து வந்திறங்கிய துறை என்பதால் காங்கேசன்துறை என்பர். தாயார் அதை முணுமுணுத்தபடியே இறங்கினார். இரண்டு நாள் ஊரில். கீரிமலை, மாவிட்டபுரம், நல்லூர்.

பின்னர் கொழும்பு வண்டி. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை நம்மில் பலர் அறிவோம். 1990இல் நின்ற பாதை யாழ்ப்பாணம் வரை 2014 ஒக்ரோபரிலும், காங்கேசன்துறை வரை 2015 ஜனவரியிலும் திரும்பவும் திறந்தது. சுன்னாகம், கோண்டாவில், கொக்குவில் என்று ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் தாயார் பலகை வரும் முன்னரே சொன்னார். ஆனையிறவில் இருபுறமும் நீர். அந்த இடத்தில் பெட்டியில் இருந்த எவரும் பேசவில்லை. கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா கடந்தன.

மதவாச்சியில் வண்டி நின்றது. தாயார் எழுந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தலைமன்னார்ப் பாதை அங்கே பிரிந்து போகிறது. "இதிலைதான் மாறினாங்கள். ஐயா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தவர். சீட்டு எங்கையெண்டு கேட்டனான். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினவர்" என்றார். வண்டி புறப்பட்ட பின்னும் அவர் இருக்கவில்லை.

இந்தப் பாதை என்றும் திறந்திருக்கும் என்று எண்ணவேண்டாம். 2025 நொவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலில் இலங்கையின் புகையிரதப் பாதைகள் பல இடங்களில் சிதைந்தன. புறப்படுமுன் எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது, எந்த இடத்தில் பஸ் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் விசாரியுங்கள். ஐந்து சீட்டில் ஒவ்வொன்றுக்கும், 'இது இல்லாவிட்டால் என்ன' என்ற கேள்விக்கு ஒரு பதிலை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் கடவுச்சீட்டோடு வையுங்கள். அதுதான் இன்று நம் சட்டைப் பையில் இருக்க வேண்டிய அந்த ஒரே சீட்டு.

தாய் தகப்பனை அழைத்துப்போக எண்ணும் அங்கத்தவர்கள், மாதத்தின் முதல் ஞாயிறு பூசைக்குப் பின் சீட்டுகளையும் மருந்துப் பட்டியலையும் மண்டபத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டையும் பார்த்துத் தருவேன். திகதியை முதலில் பார்ப்பேன். பெற்றோர் போக விரும்பும்போதே கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வருடம் என்ற சீட்டை எவரும் விற்பதில்லை.

அடுத்த இதழில், விட்ட இடத்திலிருந்து, பாதப் பராமரிப்பு.

அன்புடன்,
உங்கள் வைத்தியர்